வளையல் சொக்காய்

கரிக்கலாம்பாக்கத்துக்கு மேற்கே ஒரு ஊற்றுக்குட்டை இருந்தது. அதிலிருந்து கிளம்பும் கால்வாயில் ஒருவன் கையை விட்டால் அதற்கு மூன்று காரணம்தான் இருக்க முடியும்: முகம் கழுவுவது, கெண்டை பிடிப்பது, அடுத்தவன் முறைத் தண்ணீரைத் தன் பக்கம் திருப்புவது. அரங்கநாதன் நாலாவது காரணம் ஒன்றைக் கண்டுபிடித்தான். அன்று காலை அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கால்வாயின் அடியில் ஒரு சிட்டிகை மணல் எழுந்து நடந்தது.

நாற்பது வயது ஆள், தலையில் முண்டாசு, தோளில் மண்வெட்டி. மடையைத் திறக்க வந்தவன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் குந்தினான். நடந்த மணலை எடுத்து உள்ளங்கையில் வைத்தான். அரை விரல் நீளம், ஈர்க்குச்சியைவிடக் கொஞ்சம் தடிமன். மணலை மணி மணியாகப் பொறுக்கி ஒட்டவைத்த குழாய். கொத்தனார் கூட அவ்வளவு இடைவெளி இல்லாமல் பூசமாட்டார். சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு முனையில் பழுப்புத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது. அதன் பின்னால் ஆறு கால்கள். அரங்கநாதனின் மூக்கைப் பார்த்ததோ என்னவோ, சடாரென்று உள்ளே போய்விட்டது.

"வூட்டுக்குள்ள இருந்துக்கினு யாருடான்னு பாக்குதே!" என்று அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

அவனுக்கு இது பழைய வியாதி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தாவின் அலாரம் கடிகாரத்தை, உள்ளே யார் அடிக்கிறார்கள் என்று பார்க்கப் பிரித்துப்போட்டுத் திரும்பப் பூட்டினான். அதற்கப்புறம் கடிகாரம் ஓடியது, நாலு சக்கரம் மட்டும் மிச்சமாக அவன் மடியில் கிடந்தது. அதிலிருந்து ஊரில் யாரும் அவன் கையில் எதையும் நம்பிக் கொடுப்பதில்லை. புழுவுக்கு அந்த விஷயம் தெரியாது.

தலை மறுபடி எப்போது வரும் என்று காத்திருந்ததில் அவன் முறைத் தண்ணீர் பாதி போய்விட்டது.

அதே வாரம்தான் அவன் மச்சான் தணிகைவேல் வயலில் வினை வந்தது. தணிகைவேல் அரங்கநாதனின் மனைவி விசாலாட்சிக்கு அண்ணன். அதே கால்வாயின் கடைமடையில், களிமண் பூமியில், ஆறு காணிக்காரர். சொர்ணவாரிப் பட்ட நெல் நட்டுப் பதினைந்து நாள் ஆன பயிரில் இலை நுனிகளைக் கத்தரிக்கோலால் வெட்டினாற்போல் ஏதோ வெட்டியிருந்தது. வெட்டிய துண்டுகள் சுருட்டிய பீடி மாதிரித் தண்ணீரில் மிதந்தன. ஒவ்வொரு சுருட்டுக்குள்ளும் ஒரு புழு. கூண்டுப்புழு என்று எல்லாருக்கும் தெரிந்த சனியன்தான். ஆனால் எங்கிருந்து வந்தது?

மேலே நடந்து பார்த்த தணிகைவேல், தங்கை புருஷன் தலைமடையில் குந்தி ஒரு புழுவோடு சிரித்துக்கொண்டிருப்பதைக் கண்டார். அதுவும் குழாய்க்குள் இருக்கிற புழு. இனி என்ன சாட்சி வேண்டும்?

கால்வாய்ச் சங்கம் மருதமரத்தடியில் கூடியது. பன்னிரண்டு பங்காளிகள். தலைமை ஜவுளிக்கடை சேதுராமன். மேரி என்கிற நகராட்சி ஆபீசில் நாலு பேர் அவரை ஒருமுறை பிரெஞ்சில் 'பிரெசிதான்', அதாவது தலைவர், என்று கூப்பிட்டுவிட்டார்கள். அதிலிருந்து வேறு எப்படிக் கூப்பிட்டாலும் அவருக்குக் காது கேட்பதில்லை.

"பிரெசிதான் ஐயா, ஊத்துலதான் பொறக்குது. என் கண்ணால பாத்தேன்," என்றார் தணிகைவேல். "மாப்ள வேற அத்த சீராட்டி வளக்கறாரு."

"வளக்கல மச்சான். பாத்தேன், அவ்ளோதான்."

"பாத்தவரு ஏன் நசுக்கல?"

நசுக்கலாம் என்று அரங்கநாதனுக்குத் தோன்றவே இல்லை. அதைச் சொன்னால் கடிகாரக் கதையும் சேர்ந்து வரும்.

"ஊத்துவாய அடைச்சிப் பதினஞ்சு நாள் கால்வாய காயப்போட்டா அத்தனையும் சாவும்," என்றார் தணிகைவேல். "என் வயலும் வடியும். மேல இருந்து கசிஞ்சிக்கினே இருந்தா நான் எங்கேருந்து வடிக்கிறது? கயிறு இழுத்துப் பிரயோஜனம் இல்ல, அதனால நான் இழுக்கவும் இல்ல."

கூண்டுப்புழுவுக்கு ஊரில் தெரிந்த வைத்தியம் அதுதான். மண்ணெண்ணெயில் நனைத்த கயிற்றைப் பயிர்மேல் இழுத்துச் சுருட்டுகளை உதிர்ப்பது, பிறகு வயலை வடித்துக் காயவிடுவது.

அரங்கநாதனுடைய இரண்டு காணியும் தலைமடையில், வெறும் மணல். நட்டு எட்டு நாள்தான் ஆகிறது. நாலு நாள் தண்ணீர் நின்றால் பயிர் வைக்கோலாகிவிடும். மச்சானுக்குக் கிணறும் ஏற்றமும் உண்டு. இவனுக்குக் கால்வாயை விட்டால் வானம்தான். வைகாசியில் வானத்திடம் கேட்டு என்ன கிடைக்கும்?

"அது வேற புழு," என்றான். "இது மணல் கட்டுது. உங்க வயல்ல இருக்கறது எலைய சுருட்டுது."

"மணல் இருந்தா மணல், எலை இருந்தா எலை. ஊருக்கு ஊரு வூடு வேற கட்டறதில்ல?"

கூட்டம் தலையாட்டியது. மச்சான் சொன்னதில் நியாயம் இருந்ததால் அரங்கநாதனும் கொஞ்சம் தலையாட்டிவிட்டான். அப்புறம்தான் நினைவு வந்து நிறுத்தினான்.

அவனைக் காப்பாற்றியது வில்லியனூர்த் தேர். பதினெட்டு நாளில் தேர். கவர்னர் வடம் பிடிக்க வருகிறார். பிரெசிதானுக்கு மாலை போடுகிற இடத்தில் நிற்க வேண்டிய வேலை இருந்தது. "தேர் முடியட்டும்," என்றார். "முடிஞ்ச மறுநாள் அடைச்சிடலாம். அதுக்குள்ள அரங்கநாதன் எதுனா ரூபிச்சா ரூபிக்கட்டும்."

பதினெட்டு நாள். ஒரு புழுவின் யோக்கியதைக்குச் சாட்சி தேட வேண்டும்.

முதல் நாள் அவன் செய்தது மடத்தனம். மூன்று மணல் புழுவைக் கொண்டுவந்து வீட்டுக் குண்டானில் தண்ணீர் ஊற்றிப் போட்டு, நெல் இலையைக் கிள்ளி மேலே தூவினான். இலையை வெட்டுகிறதா இல்லையா என்று சாயங்காலம் பார்த்தால் தெரிந்துவிடும். சாயங்காலம் பார்த்தான். இலை அப்படியே இருந்தது. புழுக்களும் அப்படியே இருந்தன, ஆனால் உயிர் இல்லை. குண்டான் வெயிலில் இருந்ததால் தண்ணீர் வெதுவெதுவென்றிருந்தது.

அவன் மூன்றையும் எடுத்துக்கொண்டு போய்க் கால்வாயிலேயே போட்டான். மனசு கேட்கவில்லை. போய்ச் சேர்ந்த புழுவுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்துதான் போட்டான்.

ஓடுகிற தண்ணீர் இல்லாமல் இதற்கு மூச்சு முட்டுகிறது என்று அப்போது புரிந்தது. மறுநாள் கொட்டாங்கச்சிகளில் பொடிப்பொடியாக ஓட்டை போட்டான். கால்வாய்க்குள்ளேயே கல் அண்டை கொடுத்து அவற்றை அமுக்கி வைத்தான். பிறகு புழுவின் குழாயைப் பின்பக்கமாக ஒரு அறுகம்புல் தண்டால் மெதுவாகத் தள்ளினான். புழு முன்பக்கமாக வெளியே வந்து விழுந்தது. வெள்ளை வெளேரென்று, மெத்தென்று, இடுப்புக்குக் கீழே ஒரு பாதுகாப்பும் இல்லாமல். ஊரான் சொக்காயை அவிழ்த்துப் பார்த்த வெட்கத்தில் அரங்கநாதன் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்பி யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டான்.

ஒரு கொட்டாங்கச்சியில் நெல் இலை மட்டும். இன்னொன்றில் மணல் மட்டும். இலை போட்டதில் புழு நாள் பூராவும் அம்மணமாகத் திரிந்தது. மணல் போட்டதில் ஒரு மணி நேரம் ஆகவில்லை, வேலை ஆரம்பித்துவிட்டது. ஒரு மணல் மணியை எடுக்கும், முன்கால்களால் உருட்டிப் பார்க்கும், பிடிக்காவிட்டால் போட்டுவிடும். பிடித்தால் வாயிலிருந்து நூல் மாதிரி ஒன்றை இழுத்து ஒட்டும். விசாலாட்சி கத்தரிக்காய் பொறுக்குகிற அழகு.

முறைத் தண்ணீர் திறந்துவிடும் பச்சையப்பன் மண்வெட்டியோடு வந்து நின்று பார்த்தான்.

"சரிண்ணா, எலைய தொடல. நீ பாத்தே, நான் பாத்தேன். தணிகைவேலு நம்புவாரா? கொட்டாங்கச்சிலதானே தொடல, என் வயல்ல தொடுதுன்னுவாரு."

"அதானே," என்றான் அரங்கநாதன். "இங்க இருக்கறது அங்க போகுதா இல்லியான்னு தெரியணும். மாட்டுக்குச் சூடு போடற மாதிரி அடையாளம் வெக்கணும்."

"புழுவுக்குச் சூடா!" பச்சையப்பன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அரங்கநாதன் சிரிக்கவில்லை. அவன் கண் தூரத்தில் துணி துவைக்கிற பெண்களின் கைகளில் நின்றிருந்தது.

விசாலாட்சி ஒடிந்த வளையல் துண்டுகளை ஒரு தகர டப்பாவில் சேர்த்து வைத்திருந்தாள். எல்லாம் பச்சையும் நீலமும். வேறு நிறம் அவள் போடமாட்டாள். அந்த டப்பாவை அவள் இல்லாத நேரத்தில் எடுத்துக்கொண்டு போய் மாட்டுக்கொட்டகைப் பின்னால் கருங்கல்லில் வைத்து நசுக்கினான். மணல் அளவுக்கு வர வேண்டும். நறநறவென்று சத்தம். நாலாவது பிடி நசுக்கும்போது பின்னால் ஒரு குடம் கீழே விழுந்தது.

"ஐயோ! இன்னா பண்றீங்க!"

விசாலாட்சி நெஞ்சில் கைவைத்து நின்றாள்.

"ஒண்ணுமில்ல விசாலம். வளையல்…"

"தெரியுது வளையல்னு! நீங்க குத்துக்கல்லாட்டம் உசிரோட ஒக்காந்துக்கினு உங்க கையாலயே எம் வளையல நசுக்கினா பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க? கேக்க ஆளில்லன்னு நெனச்சிக்கினீங்களா? எங்க அண்ணன் சொன்னது சரியாத்தான் போச்சு. உங்களுக்கு மண்டையில புழு!"

"மண்டையில இல்ல, கால்வாய்ல. வந்து பாரு. பாத்துட்டு அப்புறம் திட்டு, ரெண்டையும் சேத்து வாங்கிக்கிறேன்."

திட்டுவதற்காகவே அவள் கூட வந்தாள். கொட்டாங்கச்சியில் பச்சைத் தூளைப் போட்டு அம்மணப் புழுவை விட்டான். இரண்டு பேரும் கரையில் குந்தினார்கள். முதலில் புழு சும்மா இருந்தது. விசாலாட்சி திட்ட ஆரம்பித்தாள். பாதித் திட்டில் புழு ஒரு பச்சைத் துண்டை எடுத்து உருட்டியது. அவள் திட்டை நிறுத்தினாள். கழுத்துக்குக் கீழே அதை ஒட்டிக்கொண்டது. அடுத்தது. அதற்கடுத்தது. சுற்றிலும் ஒரு வளையம் முடிந்தபோது அவள் மூச்சு விட்டாள்.

"தோ, கழுத்துல அட்டிகை போட்டுக்கிச்சு!"

"ம்."

"நீலம் கொஞ்சம் போடுங்க. ஒரே பச்சையா இருந்தா நல்லாவா இருக்கும்?"

இரண்டு நாளில் பதினோரு புழுக்கள் பச்சையும் நீலமுமாகச் சொக்காய் போட்டுக்கொண்டன. அடுத்த பிறவியில் எனக்கும் இப்படி நெசவு வரக்கூடாதா என்று விசாலாட்சிக்கு இருந்தது. வெயில் படும்போது தண்ணீருக்கடியில் பதினோரு சின்னஞ்சிறு கோயில் விளக்குகள் நடப்பது போலிருக்கும். ஏழாவது நாள் எல்லாவற்றையும் தலைமடைக் கல்லடியில் விட்டார்கள். அரங்கநாதன் ஊரெல்லாம் சொன்னான். "வளையல் சொக்காய் போட்ட புழு தணிகைவேல் வயல்ல ஒண்ணு கெடைச்சாலும் நானே ஊத்த அடைக்கிறேன்." சொல்லும் குஷியில் குழாயை எப்படிக் கழற்றுவது, தூள் எந்த அளவு, எத்தனை மணி நேரம் ஆகும் என்பதையும் ஒன்று விடாமல் சொன்னான். ஜெயிக்கப்போகிறவன் பேச்சை யார்தான் அடக்க முடியும்?

தேர் வந்தது, போனது. மறுநாள் காலையில் சங்கம் தணிகைவேல் வயல் வரப்பில் நின்றது. அரங்கநாதன் ஒரு பக்கம், பச்சையப்பன் ஒரு பக்கம் தண்ணீரைத் துழாவினார்கள். இலைச்சுருட்டுகள்தான் வந்தன, நூறு, இருநூறு. அரங்கநாதனுக்கு மெல்ல மெல்ல முதுகு நிமிர்ந்தது.

"இங்க பாருங்க," என்றார் தணிகைவேல், இன்னொரு மூலையில் குனிந்தபடி. "இது இன்னாது?"

அவர் கையில் ஆறு குழாய்கள் இருந்தன. வெயிலில் மின்னின. வளையல் சொக்காய்.

கூட்டம் 'ஹோ' என்றது. பிரெசிதான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கழற்றினார். அரங்கநாதனுக்குக் கால் கீழே சேறு இன்னும் ஒரு சாண் இறங்கியது. இரண்டு காணியும் வைக்கோலாக நிற்பது கண்ணில் தெரிந்தது. ஊற்றை அடைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்ததும் அவனே. ஆனால் அவன் வியாதி அந்த நேரத்திலும் விடவில்லை. இத்தனை தூரம் இது எப்படி நடந்து வந்திருக்கும்? கையை நீட்டினான்.

"குடுங்க மச்சான், பாக்கறேன்."

வாங்கிப் பார்த்தான். சிவப்பு. சிவப்பில் தங்கப்பொடி.

கூழ்ப்பானையோடு வந்து நின்ற விசாலாட்சியும் எட்டிப் பார்த்தாள். போன வருஷம் தேர்க்கடையில் அண்ணி கோகிலாம்பாளுக்கு அந்த வளையலை எடுத்துக் கொடுத்ததே அவள்தான். அவள் அண்ணனைப் பார்த்தாள். தணிகைவேல் ஒரு கொக்கைப் பார்த்தார். அவர் காது மடல் வளையலைவிடச் சிவந்திருந்தது.

ஒரு வார்த்தை போதும். பன்னிரண்டு பேர் முன்னால் ஆறு காணிக்காரரின் மீசை சேற்றில் விழும். அரங்கநாதன் வாயைத் திறந்தான். விசாலாட்சி பானையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். அவன் வாயை மூடினான்.

"இன்னாண்ணா இது," என்றான் பச்சையப்பன், "நீ வுட்டது பச்சையும் நீல…"

"ஏன்பா, காலையிலேருந்து வெயில்ல நிக்கறே, கண்ணு கட்டுது உனக்கு. கூழு குடி," என்று விசாலாட்சி ஒரு சொம்பை அவன் வாயருகே கொண்டுபோனாள்.

அரங்கநாதன் குழாயைப் புல்லால் தள்ளிக்கொண்டிருந்தான். தோற்றவன் முகத்தில் இருக்க வேண்டியது அவன் முகத்தில் இல்லை. அலாரம் கடிகாரத்தைத் திறந்த அன்று இருந்த முகம்.

"பிரெசிதான் ஐயா, கொஞ்சம் கிட்ட வாங்க. இது செத்துப் போயிருக்குது."

இரண்டாவதைத் தள்ளினான். செத்திருந்தது. ஆறையும் தள்ளினான். ஆறும் துவண்டு கிடந்தன.

"கிரசினாயில் பட்டிருக்கும்," என்று யாரோ சொன்னார்கள்.

"மச்சான் கயிறே இழுக்கலன்னாரே. பக்கத்துல இருக்கற எலைப்புழுவ பாருங்க." ஒரு இலைச்சுருட்டைப் பிரித்தான். உள்ளே இருந்தது நெளிந்து அவன் விரலில் ஏறியது. "இது இந்தத் தண்ணியில கொண்டாட்டமா இருக்குது. அது இந்தத் தண்ணியில ஒரு நாள் தாங்கல. தொட்டுப் பாருங்க, கஞ்சி மாதிரி சுடுது. எங்க வூட்டுக் குண்டான்லயும் மூணு இப்படித்தான் செத்துச்சு. அதுக்கு ஓடற தண்ணி வேணும். எப்படியோ வந்து சேந்தாலும் வயல்ல பொழைக்காத புழு எப்படி ஐயா பயிர தின்னும்?"

'எப்படியோ' என்ற சொல்லை அவன் எங்கேயும் பார்க்காமல் சொன்னான்.

பிரெசிதான் தண்ணீரில் விரலை விட்டு எடுத்தார். செத்த புழுவைப் பார்த்தார், நெளிகிற புழுவைப் பார்த்தார். "நானும் அதத்தான் நெனச்சேன்," என்றார். "ரெண்டும் வேற வேற ஜாதி. பிரான்சுல இதுக்கெல்லாம் பேரே இருக்குது." என்ன பேர் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதில் அவருக்கும் நிம்மதி. "ஊத்த அடைக்க வேணாம். பச்சையப்பா, தணிகைவேல் மடைய மட்டும் அடைச்சி, கசியற தண்ணிக்குச் சுத்தி ஒரு வாய்க்கா வெட்டிவுடு. வயல் காயட்டும்."

அவ்வளவுதான். எல்லாரும் கூழ் குடித்தார்கள். தணிகைவேல் மட்டும் வேண்டாம் என்றுவிட்டார்.

இரண்டு நாள் கழித்துப் பொழுது சாய்கிற நேரத்தில் அவர் தலைமடைக்கு வந்தார். அரங்கநாதன் வழக்கமான இடத்தில் குந்தியிருந்தான், அவன் பயிரும் பச்சையாக இருந்தது.

"தண்ணி வருதான்னு பாக்க வந்தேன்," என்றார்.

"வருது மச்சான்."

பிறகு வேட்டியை மடித்துக்கொண்டு அவரும் குந்தினார்.

"மாப்ள. அது அந்த மொத துண்ட எங்கேருந்து ஒட்ட ஆரம்பிக்குது? கழுத்துலேருந்தா, வவுத்துலேருந்தா? எவ்ளோ உத்துப் பாத்தும்…" சட்டென்று நிறுத்தினார். "யாரோ சொன்னாங்க."

"கழுத்துலேருந்துதான்," என்றான் அரங்கநாதன். "கோகிலா அக்கா சவுக்கியமா?"

"பேசி அஞ்சு நாளாச்சு. சோத்துத் தட்ட சத்தமா வெக்கிறா."

அரங்கநாதன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு கல்லைக் காட்டினான். அதன் பக்கவாட்டில் பச்சை நீலச் சொக்காய் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு வாயையும் அடைத்துக்கொண்டு எத்தனையோ நாளாக அசையாமல் இருந்தது. செத்துவிட்டதென்றுதான் அவனும் நினைத்திருந்தான். இப்போது மேல்மூடி பிய்ந்திருந்தது. உள்ளிருந்து ஏதோ நெளிந்து வெளியே வந்து, தண்ணீரைத் துடுப்புப் போட்டுக்கொண்டு மேலே ஏறி, கல்முனையைப் பிடித்தது. முதுகு வெடித்தது. அதற்குள்ளிருந்து இன்னொன்று புறப்பட்டது.

இரண்டு பேரும் இன்னும் கீழே குனிந்தார்கள்.

பழுப்பு நிறத்தில் ஒரு பூச்சி. ஓலைக்குடிசைக் கூரை மாதிரி மடித்த இறக்கை. உடம்பைவிட நீளமாக இரண்டு மீசை. கொஞ்ச நேரம் காய்ந்தது. பிறகு கால்வாய்க்கு மேலே எழும்பி, மங்கல் வெளிச்சத்தில் தடுமாறித் தடுமாறிப் போய்விட்டது.

"இவ்ளோதானா?" என்றார் தணிகைவேல், ஏமாந்த குரலில். "அவ்ளோ ஜோரா சொக்காய் போட்டுக்கினு, போம்போது சாக்குத்துணிய சுத்திக்கினு போவுதே."

"அதானே எனக்கும் புரியல."

கல்லில் வெறும் சொக்காய் மட்டும் மிச்சம். தணிகைவேல் அதை நகத்தால் பெயர்த்து வேட்டி முனையில் முடிந்துகொண்டார். "கோகிலா கிட்ட காட்டணும். எதுக்கு நசுக்கினேன்னு சொன்னா நம்பமாட்டேன்றா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது. அரங்கநாதன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது பச்சையாச்சே மச்சான்," என்றான். "அக்காவோடது சிவப்பு. நம்புவாங்களா?"

தணிகைவேல் யோசித்தார். மடியில் கையைவிட்டு எதையோ தடவிப் பார்த்தார். கண்ணாடி கிணுகிணுத்தது.

"இன்னும் ரெண்டு வளையல் மீதி கீது," என்றார் மெதுவாக. "கொட்டாங்கச்சி எங்க வெச்சிருக்கே?"